லயத்துச் சுவர் மெல்லியது: குடும்ப வன்முறையையும் மனநலத்தையும் ஊராகச் சேர்ந்து பார்ப்பது எப்படி?

நான் வளர்ந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் நீள வரிசையில். அங்கே இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி. பக்கத்து வீட்டில் அடுப்பு ஊதுகிற சத்தம், பிள்ளை இருமுகிற சத்தம், கடைக் கணக்குப் பார்க்கிற சத்தம் எல்லாம் நம் வீட்டுச் சத்தம் போலவே கேட்கும். சம்பள நாள் இரவில் வேறு சத்தமும் கேட்கும். முதலில் ஒரு தட்டு விழும். அப்புறம் குரல் உயரும். அப்புறம் அடி. அந்த நேரம் எங்கள் வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். ராத்திரி லயம் முழுக்கத் தெரிந்த விஷயம், விடிந்து, வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக்களத்துக்குப் போனால் யாருக்கும் தெரியாது.

‘மனநலத்துக்கும் வன்முறைத் தடுப்புக்கும் சமூக அணுகுமுறை’ என்று பயிற்சிக் கூட்டங்களில் ஒரு சொல் அடிபடுகிறது. பெரிய வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டி, ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, பின்னேரம் நாலு மணிக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் “என்ன சொன்னாங்க?” என்று கேட்டால் பதில் வராது. சொல்தான் பெரிது, விஷயம் எளிது. ஒரு வீட்டில் அடி விழுவதையும் ஒருவர் மனசு உடைந்து போவதையும் ‘அது அவங்க வீட்டுப் பாடு’ என்று விட்டுவிடாமல், சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களும் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்வது. அதில் பாதி, சத்தம் கேட்கிற இரவில் செய்ய வேண்டியது. மறுபாதி, அப்படி ஓர் இரவு வராமல் இருக்க மாதக்கணக்கில் முன்னாலிருந்தே செய்ய வேண்டியது. பொலிஸ் வேண்டாம், டாக்டர் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களிடம் போய்ச் சேர வழி காட்டுவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

பெண்சாதியை அடிப்பது தோட்டத்துச் சனத்தின் பழக்கம் என்று ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுக்கப் பெண்களிடம் நடத்திய ஆய்வில், திருமணமான அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதம் பேர், வாழ்நாளில் ஒரு தடவையாவது அந்தத் துணையால் அடிக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்கள் என்று தெரியவந்தது. அதாவது ஐந்தில் ஒருவர். கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. கொழும்புத் தொடர்மாடி வீட்டுச் சுவர் தடிப்பு, சத்தம் வெளியே வராது. நம்முடையது மெல்லியது. ஒரு நிரையில் பத்துப் பேர் கொழுந்து எடுத்தால் அதில் இரண்டு பேர் என்று எண்ணிப் பாருங்கள், முகங்கள் தானாக ஞாபகம் வரும்.

யோசனை கூடிப் போச்சு

மனநலம் என்ற சொல்லை நம் ஆட்கள் வீட்டில் பேசும்போது பாவிப்பதில்லை. அது டீவிச் சொல். ஆனால் விஷயத்துக்குச் சொல் இல்லாமல் இல்லை. “யோசனை கூடிப் போச்சு”, “நெஞ்சு அடைக்குது”, “ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது”, “எதுலயும் மனசு ஒட்டல”. கொழுந்துக் கூடையை முதுகில் போட்டதும் அழுகை வருகிறது என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

இந்த அக்காமார் முதலில் போகிற இடம் தோட்டத்து டிஸ்பென்சரி. தலைவலி, முதுகுவலி, மயக்கம் என்று சொல்வார்கள். இரண்டு பனடோல் கிடைக்கும். அடுத்த கிழமை திரும்பவும் அதே தலைவலி, அதே பனடோல். உடம்பில் வருகிற வலி பொய் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க வரிசையில் நேரமும் இல்லை, மறைவும் இல்லை. பின்னால் நிற்பது மாமியாராகவும் இருக்கலாம். டிஸ்பென்சரி சரிவராவிட்டால் அடுத்தது கோயில் பூசாரி, மந்திரித்த நூல். நூல் கட்டுவதை நான் கேலி செய்யமாட்டேன். ஒரு மனுசர் பத்து நிமிஷம் முன்னால் உட்கார்ந்து கேட்கிறாரே, பலருக்கு அதுவே முதல் தடவை. நூல் கட்டியதோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் “அங்கொடைக்குக் கொண்டு போகப் போறாங்களா?” என்று கேட்பார்கள். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின் பெயரே வசைச் சொல்லாகிவிட்ட நாடு இது. மனநோய் பற்றிய நம் பழைய சட்டம் 1873ஆம் ஆண்டைச் சேர்ந்தது, வெள்ளைக்காரன் தேயிலை போடத் தொடங்கிய காலம். இன்று நிலைமை அப்படி இல்லை. பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது, பெரும்பாலானவர்கள் மருந்தோ ஆலோசனையோ பெற்றுக்கொண்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் கிளினிக்குக்குப் போக ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம் போகும், பஸ் காசு போகும், போனால் தமிழில் பேசுகிறவர் இருப்பாரா என்ற பயமும் உண்டு.

சிம்பாப்வேயில் இதே சிக்கல்தான். நாடு முழுக்க மனநல டாக்டர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற டாக்டர் ஒரு வேலை செய்தார். ஹராரே நகரத்தில் ஏற்கெனவே சுகாதார வேலை செய்துகொண்டிருந்த 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவரிடம் பாட்டி நோயின் பெயரைச் சொல்வதில்லை. அங்கே பேசும் ஷோனா மொழியில் இதற்கு ஒரு சொல் உண்டு, அர்த்தம் ‘அளவுக்கு மேல் யோசிப்பது’. நம் ‘யோசனை கூடிப் போச்சு’ அப்படியே அங்கேயும் இருக்கிறது! பாட்டி முழுக் கதையையும் கேட்டுவிட்டு, இத்தனை பிரச்சினையில் முதலில் எதைக் கையில் எடுப்போம் என்று அவரையே தெரிவு செய்யச் சொல்வார். அந்த ஒன்றுக்கு மட்டும் வழி பார்ப்பார்கள். அடுத்த தடவை வரும்போது என்ன நடந்தது என்று கேட்பார். 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது.

நம் தோட்டத்தில் அந்த பெஞ்ச் எங்கே? வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்து வாசல், கோயில் திண்ணை, மத்தியானம் தேத்தண்ணி குடிக்கிற மலை ஓரம். ஒவ்வொரு லயத்திலும் எல்லோரும் போய்ப் புலம்புகிற ஒரு பெரியம்மா கட்டாயம் இருப்பார். அவருக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தால் பெரும் உதவி. ஒன்று, புத்தி சொல்ல அவசரப்படாமல் கேட்பது. மற்றது, தன்னால் முடியாதது எது என்று தெரிந்து மேலே அனுப்புவது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இதையே மூன்று சொல்லில் சொல்கிறது: பார், கேள், இணை. சாகப் போகிறேன் என்று சொல்கிறவர், பல நாள் சாப்பாடு தூக்கம் இல்லாதவர், இல்லாத குரல் கேட்கிறவர், பிள்ளை பெற்ற பிறகு பிள்ளையையே தூக்க மறுக்கிற தாய் என்று யாராவது இருந்தால், திண்ணைப் பேச்சோடு நிறுத்தக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

துரையை அடிக்காத கை

வன்முறையும் மனநலமும் எங்கே முடிச்சுப் போடுகின்றன என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அடி வாங்கி வாழ்கிறவருக்கு மனச்சோர்வும் பயமும் தூக்கமின்மையும் வரும் வாய்ப்புக் கூடும், அது உறுதி. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கும் வரலாம். பாடசாலையில் ‘படிப்பு ஏறல’ என்று கடைசி வாங்கில் உட்கார வைத்த பிள்ளைகளில் சிலருக்கு ராத்திரி தூக்கமே இருந்திருக்காது. இந்தப் பக்கம் சரி. மறுபக்கம்தான் பிழையாகச் சொல்லப்படுகிறது. ‘அவனுக்கு மனசு சரியில்ல, அதான் அடிக்கிறான்.’ மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை. அடிக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு மனநோய் இல்லை.

அப்போ தண்ணி? கசிப்பு என்ற கள்ளச் சாராயம்? குடி இருக்கும் இடத்தில் அடி கூடும், காயமும் பெரிதாகும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? எத்தனை போத்தல் குடித்தாலும் அந்தக் கை தோட்டத்தை நடத்துகிற துரையை அடிப்பதில்லை. வேலை வாங்குகிற கங்காணியை அடிப்பதில்லை. வழியில் இத்தனை பேரைத் தாண்டி, ஏறி வந்து, சொந்த வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் வெறி வருகிறது. யாரை அடித்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று குடித்த தலைக்கும் தெரிந்திருக்கிறது. கேட்க ஆள் இருக்கிறது என்று அந்தத் தலைக்குத் தெரியவைப்பதும் ஊர் செய்ய வேண்டியவற்றில் ஒன்று.

ஊர் கூடினால் எல்லாம் நல்லது இல்லை

‘சமூகம்’ என்றாலே நல்லது என்று நினைத்துக்கொள்வது பெரிய தவறு. நம்மிடம் ஏற்கெனவே ஒரு சமூக அணுகுமுறை இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலைவர் வீட்டு முற்றம். புருசன் பெண்சாதி இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். கோயில் கமிட்டிப் பெரியவர்கள் கதிரையில், அவன் நின்றுகொண்டு, அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

“சரி, ரெண்டு பேர் மேலயும்தான் தப்பு இருக்கு. தம்பி, நீ தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுக்க. நீயும் வாயைக் குறைச்சுக்கம்மா. புள்ளைகள நெனைச்சுப் பாரு.”

இரண்டு பேரும் தலையை ஆட்டுவார்கள். பெரியவர்களுக்குப் பிரச்சினை முடிந்தது. அவள் அவனுக்குப் பத்தடி பின்னால் அதே ஒற்றையடிப் பாதையில் அதே வீட்டுக்கு நடந்து போவாள். ‘என்னைய ஊருக்கு முன்னால அசிங்கப்படுத்திட்ட’ என்று அன்று இரவு விழுகிற அடிக்கு அந்த முற்றத்தில் யாரும் பொறுப்பில்லை.

அந்தப் பெரியவர்கள் கெட்டவர்கள் இல்லை. தண்ணீர்ச் சண்டைக்கும் வேலிச் சண்டைக்கும் செய்கிற சமாதானத்தை இதற்கும் செய்கிறார்கள். வேலிச் சண்டையில் இரண்டு பேருக்கும் சம பலம், விட்டுக்கொடுத்தால் முடியும். ஒருவருக்கு மற்றவரைப் பார்த்தாலே பயம் என்ற இடத்தில் ஒன்றாக உட்கார வைத்துப் பேசச் சொன்னால் அவள் உண்மை பேசமாட்டாள். பேசினால் விலை கொடுப்பாள். ‘எப்படிச் சேர்த்து வைக்கலாம்’ என்பது அங்கே முதல் கேள்வியாக இருக்கவே கூடாது. ‘இன்றைக்கு இரவு நீ எங்கே படுப்பாய்? பயமில்லாமல் படுப்பாயா?’ என்பதே முதல் கேள்வி. அதையும் தனியாக, பெண் ஒருவர் கேட்க வேண்டும். அடுத்தது, உனக்கு என்ன வேண்டும். விட்டுப் போவதா, இருந்துகொண்டே அடியை நிறுத்துவதா, பொலிசுக்குப் போவதா என்பதெல்லாம் அவள் முடிவு. அவசரப்பட்டு நாம் எடுக்கிற முடிவின் சுமையை நாம் சுமக்கப் போவதில்லை.

தோட்டத்தில் இது இன்னும் சிக்கல். லயக் காம்பரா குடும்பத்துக்குச் சொந்தமில்லை, தோட்டத்துக்குச் சொந்தம், வேலையோடு ஒட்டியது. ‘வெளியே போ’ என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். வீட்டை விட்டுப் போகிறவள் பல இடங்களில் வேலையையும் பிள்ளையின் பாடசாலையையும் சேர்த்து விட வேண்டியிருக்கும்.

தீப்பெட்டி

இனி அந்த இரவுக்கு வருவோம். இந்தியாவில் 2008இல் ‘பெல் பஜாவோ’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ‘மணியை அடி’ என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அடித்து, ஏதோ ஒரு சின்னச் சாமான் கேள். சண்டைக்குப் போகாதே, புத்தி சொல்லாதே. வெளியில் ஆள் இருக்கிறது, கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்தால் போதும்.

லயத்தில் ஏது அழைப்பு மணி? ஆனால் இந்த யோசனை எங்கள் லயத்துக்குப் புதிதில்லை. கடைசி வீட்டுப் பெரியம்மா ஒருவர், சத்தம் கூடினால் கதவைத் தட்டி “தங்கச்சி, தீப்பெட்டி இருக்கா?” என்று கேட்பார். குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கொடுக்கும் வரை நிற்பார். கொடுத்த பிறகும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். அதற்குள் உள்ளே சூடு தணிந்துவிடும். எல்லா நாளும் தணியும் என்று சொல்லமாட்டேன். கத்தி, மண்வெட்டி என்று ஏதாவது கையில் இருந்தால் தீப்பெட்டி கேட்கப் போகக் கூடாது. தனியாகவும் போகக் கூடாது. அப்போது 119க்கு அழைப்பதே சரி.

அடுத்த நாள் வேலை வேறு. நாலு பேர் முன்னால் விசாரிக்காமல், மலைக்குப் போகிற வழியில் பக்கத்தில் நடந்துகொண்டே “நேத்து சத்தம் கேட்டிச்சு. ஒம் மேல தப்பில்ல. எப்ப வேணும்னாலும் நம்ம வீட்டுக் கதவைத் தட்டு” என்றால் போதும். இதைச் சொல்ல எந்தப் பட்டமும் தேவையில்லை. அப்புறம் அவர் விரும்பினால் ஒரு பை தயார் செய்யலாம்: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், ஒரு சோடி உடுப்பு, முச்சக்கர வண்டிக்குக் காசு. அதைப் பக்கத்து வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லி வைக்கலாம்.

போன் இலக்கங்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் முதலில் உடைவது போன்தான். பெண்களுக்கான உதவிக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, மனநல உதவிக்கு 1926. அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் ஓர் அறை இருக்கிறது, சிங்களத்தில் ‘மிதுரு பியச’. அடிபட்ட பெண்களுக்கு உதவவென்றே உள்ள இடம். ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய வசதி.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்ணுக்காகப் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்க முடியும். முதலில் 14 நாளைக்கு இடைக்காலக் கட்டளை, விசாரித்த பிறகு 12 மாதம் வரை நீடிக்கும் கட்டளை. அடிக்கக் கூடாது, கிட்ட வரக் கூடாது, அவள் இருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றெல்லாம் நீதிமன்றம் சொல்லலாம். மீறினால் சிறை கூட உண்டு. கேவலப்படுத்தி மனசைச் சித்திரவதை செய்வதையும் வன்முறை என்று இந்தச் சட்டம் ஏற்கிறது, ‘காயம் எங்கே?’ என்று கேட்பவரிடம் இதைச் சொல்லலாம். கட்டளை கேட்டால் விவாகரத்து ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது வேறு, இது வேறு.

அந்த இரவுக்கு முன்னால்

தடுப்பது என்றால் பலருக்குப் புத்தி சொல்வது என்று படுகிறது. ஒரு கூட்டம், ஒரு பதாகை, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாளான நவம்பர் 25 வந்தால் ஓர் ஊர்வலம். தடுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே உலகம் பேசுகிற உதாரணம் ஒன்று உண்டு. 1995இல் இலங்கையில் தற்கொலை ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்தது, உலகிலேயே மிக உயர்ந்த கணக்குகளில் ஒன்று. அந்த ஆண்டு மிகக் கொடிய பூச்சிநாசினிகளை அரசாங்கம் கட்டுப்படுத்தியது, 1998இல் இன்னொன்றைத் தடுத்தது. பத்தே ஆண்டில் அந்தக் கணக்கு பாதியானது. மனசு உடைந்த அந்த ஒரு நிமிஷத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லை, அந்த நிமிஷம் கடந்தது, ஆள் பிழைத்தார். 1998 வரை தற்கொலைக்கு முயல்வது குற்றமாகவும் இருந்தது. அதையும் அந்த ஆண்டு நீக்கினார்கள். ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்னும் யாராவது பயந்தால், இல்லை என்று சொல்லுங்கள்.

இன்னொரு முயற்சியும் நடந்தது. வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் வீடு வீடாகப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள், நஞ்சைப் பூட்டி வைக்க. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2017இல் வெளிவந்த முடிவில் பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு வீட்டையும் பார்த்து ‘நீ கவனமாக இரு’ என்று சொன்னது வேலை செய்யவில்லை, கடையிலேயே கிடைக்காமல் செய்தது வேலை செய்தது. தோட்டத்துக்குள்ளும் இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியும். சம்பள நாளன்று கசிப்பு எங்கிருந்து வருகிறது? மனைவியின் சம்பளத்தைப் புருசன் வாங்கிக்கொண்டு போகும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்ததே, இப்போது வங்கி அட்டை யார் கையில்? மலசலகூடத்துக்குப் போகிற வழியில் வெளிச்சம் இருக்கிறதா? பத்து பேர் ஓர் அறையில் படுக்கிற வீட்டில் கோபம் ஆறி உட்கார ஓர் இடம் உண்டா? இதெல்லாம் உளவளத்துணையாளர் தீர்க்கிற காரியம் இல்லை. மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் கோயில் கமிட்டியும் துரையிடமும் பிரதேச செயலகத்திடமும் பேசித் தீர்க்க வேண்டியவை.

ஆண்களோடும் பேச வேண்டும், இது பெண்கள் சங்கத்து வேலை மட்டும் இல்லை. உகண்டாவில் கம்பாலா நகரத்தில் ஊர்க்காரர்களையே பழக்கி, டீக்கடை, சந்தை, மரத்தடி என்று வருஷக்கணக்கில் ‘யாருக்கு அதிகாரம், எதுக்கு அதிகாரம்’ என்று பேச வைத்தார்கள். 2014இல் வந்த ஆய்வில், அப்படிப் பேசிய பகுதிகளில் மனைவியை அடிப்பது, பேசாத பகுதிகளைவிடச் சுமார் பாதி என்று தெரிந்தது. ஒரு நாள் பட்டறையில் வந்த மாற்றம் இல்லை. நம் இளந்தாரிகள் கூடுவது கிரிக்கெட் திடலிலும் திருவிழா வேலையிலும்தான். மேடை போட்டுப் பேசினால் அவர்கள் வரமாட்டார்கள். “மச்சான், அவ மேல கை வைக்கிறதெல்லாம் வேணாம்டா” என்று கூட்டாளி ஒருவன் சொன்னால் காதில் ஏறும்.

இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கேட்கிறவருக்கும் மனசு பாரமாகும், அவருக்கும் கொட்டித் தீர்க்க ஓர் ஆள் வேண்டும். அதைவிட முக்கியம் இரகசியம். குழுவில் சொன்னது, தண்ணீர் எடுக்கிற பீலிக்கரையில் ஒரு தடவை கசிந்தால் அந்தக் குழுவுக்கு அப்புறம் யாரும் வரமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு லயத்தில் எட்டு அக்காமார் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பளத்துக்கு முந்தின வாரம், பிள்ளை மடுவத்தில் கூடுகிறார்கள். எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்டால் சீட்டுக் கூட்டம் என்பார்கள். உண்மையாகவே சீட்டும் பிடிக்கிறார்கள். போன தடவை சீட்டு விழுந்தவர் அதில் ஒரு போன் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகாமல், கடைசி வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார்.